மூன்றாம் பந்தி இலை

ஜூன் 8

பின்வாசல் வழியாகப் போனேன். பின்வாசல் வழியாகவே திரும்பி வந்தேன். இடையில் ஒரு கல்யாணம் நடந்தது.

என் வீட்டுக்காரங்க போன பிறகு நான் தனியாக நின்று நடத்திய முதல் சமையல் இது. தை மாதம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவில்லை. வைகாசிக்கும் ஆனிக்கும் ஆவணிக்கும் அவங்க வாங்கி வைத்திருந்த ஆர்டர்கள் மட்டும் அப்படியே இருந்தன. பாளையங்கோட்டையில் 'குற்றாலிங்கம் சமையல்' என்றால் மறுவீட்டுச் சொதிதான் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் விருந்தில் தேங்காய்ப்பால் சொதி இல்லாவிட்டால் இந்த ஊரில் சம்பந்தம் பாதிதான் முடிந்ததாக அர்த்தம்.

மண்டப மேனேஜர் காந்திமதிநாதன் அண்ணாச்சி நேற்றே போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நல்ல காரியம் நடக்குத இடம். பந்தி ஹால் பக்கம் வராம, பின்னால இருந்தே பாத்துக்கிடுங்க."

பின்னால் என்றால் இலை கொட்டுகிற இடம். பெரிய பெரிய டிரம்கள், அவற்றைச் சுற்றி ஈ. எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மரியாதைதான்.

ஜூன் 9

இன்று அதே வீட்டின் மறுவீடு. அதே நாற்காலி. தலைமைத் தவசிப்பிள்ளை ஆவுடையப்பன் அண்ணன் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாக நான் போனில் ஆர்டர் எழுதினேன், பில் போட்டேன். அடுப்படிக்கு அவங்க விட்டதில்லை. "படிச்சவ நீ, உனக்கு எதுக்குப் பிரமு இந்தப் புகை" என்பாங்க. இஞ்சிப் பச்சடி மட்டும் என் கை. பேரீச்சம்பழம் போட்டு, என் சொந்தப் பக்குவம். வீட்டில் செய்து தூக்குவாளியில் அனுப்புவேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய் இலைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் பந்தி இலைகள் துடைத்துவிட்ட மாதிரி வந்தன. இரண்டாம் பந்தியும் மோசமில்லை. மூன்றாம் பந்தி இலைகள் மடக்கிய நிலையிலேயே கனமாக இருந்தன. ஒரு விறகுச் சிம்பை எடுத்து ஒன்றைப் பிரித்தேன். சொதி ஊற்றிய சோறு அப்படியே இருந்தது. அடுத்ததைப் பிரித்தேன். அதிலும்.

இலை அள்ளும் பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "யக்கா, எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. பாக்கேன்."

"எச்சில்ல என்னத்தப் பாக்கீங்க? மாட்டுக்காரர் கூட இப்படிப் பாக்க மாட்டாரு."

கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். கரப்பான் பூச்சியை அறுத்து மெழுகுத் தட்டில் குத்தி வைத்தவளுக்கு எச்சில் இலை ஒன்றும் இல்லை. பேச்சியிடம் சொன்னேன். "அதுக்கு இதுவே தேவல" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சொதி கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். எனக்குச் சொதி பிடிக்காது. எப்போதுமே.

ஜூன் 11

கொழுந்தன் திருமலையப்பன் வந்தான். அவனும் சமையல்காரன்தான், ஆனால் அண்ணன் பெயர் அவனுக்கு வரவில்லை. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

"மதினி, எலைய நோண்டுதீங்களாமே? ஊரே சிரிக்கி."

"ஊர்னா யாரு?"

"ஊர்தான்." காப்பியைக் கொஞ்ச நேரம் ஊதினான். "மண்டபத்துல பேசிட்டேன். ஆவணி முகூர்த்தம் வரைக்கும் நீங்க பாருங்க. ஒரு குறை வந்தா அண்ணாச்சி வேற ஆள் வச்சுக்கிடுவாரு. அந்த வேற ஆள் நானா இருந்தா பேரு குடும்பத்துலயே இருக்கும்லா? பாத்திரமும் வீணாகாது."

மண்டபம் கைவிட்டால் வேறு ஆர்டர் வராது. இந்த ஊரில் மண்டபம் சொல்லும் சமையல்காரரைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி, ஆவணி வரை" என்றேன்.

விட்டுக்கொடுப்பதாக அவன் நினைத்துக்கொண்டு போனான்.

ஜூன் 16

இன்னொரு மறுவீடு. இந்த முறை டிரம் பக்கத்தில் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கைகழுவ வந்தவர்களிடம் கேட்டேன். "சொதி எப்படி இருந்தது?" எல்லோரும் "பிரமாதம்" என்றார்கள். ஒரு பெரியவர் "குத்தாலிங்கம் கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்று கண் கலங்கினார். அவர் மூன்றாம் பந்தியில் சாப்பிட்டவர். பேச்சியிடம் சொல்லி அவர் இலையைத் தனியாக வாங்கினேன். பிரித்தேன். சோறு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி. சொதி திரிந்திருக்கிறது.

துக்க வீட்டுக்காரியிடம் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. இலைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

பச்சடியும் நிறைய இலைகளில் மிஞ்சியிருந்தது. சின்னப் பிள்ளைகள் அதிகம் வந்த கல்யாணம். இஞ்சி உறைத்திருக்கும்.

ஜூன் 17

ஆவுடை அண்ணனிடம் பேசினேன்.

சொதிக்குத் தேங்காயை மூன்று முறை பிழிவார்கள். தண்ணியான பாலில் காய் வேகும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். அதற்குப் பிறகு கொதித்தால் திரியும். மொத்தச் சொதியையும் காலையிலேயே முடித்து, கடைசிப் பந்தி வரை அடுப்பில் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

"திரியும்" என்றார். ரொம்ப அமைதியாக.

"தெரிஞ்சேவா?"

"ஆறிப்போன சொதிய எவன் திம்பான்? சூடு காட்டித்தான் ஆகணும். குத்தாலிங்கம் அண்ணாச்சி வழி அது. இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான்."

"பந்திக்குப் பந்தி முதல் பால் பிழிஞ்சு ஊத்தினா?"

"சொதியத் துண்டு துண்டா முடிக்கவா? கல்யாண வீட்டுலயா?" கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாதும்மா. அண்ணாச்சி வழிய நான் மாத்த மாட்டேன்."

உங்களுக்குத் தெரியாது. அதென்னவோ உண்மை. தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்கு இருபது வருஷம் பயிற்சி.

ஜூன் 29

திருமலை வந்தான். ஆவுடை அண்ணன் அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"மதினி, அண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுது?" என்று சிரித்தான். "அவன் காலத்துலயும் கடைசிப் பந்திக்குத் திரியத்தான் செய்யும். அதுக்குத்தான் முக்கியமான ஆளுங்களை எல்லாம் முதப் பந்தியில பிடிச்சு உக்கார வைப்பான். வாசல்லயே நிப்பாம்லா, அது எதுக்குன்னு நெனைச்சீங்க? மரியாதைக்கா?"

"அப்ப கடைசிப் பந்தியில யாரு?"

"மேளக்காரங்க, வேன் டிரைவருங்க, அலங்காரம் பண்ண வந்தவங்க. அப்புறம் வீட்டுப் பொம்பளைங்க. அவங்க என்ன குறையா சொல்லப் போறாங்க?"

காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எந்த விருந்திலும் நான் கடைசிப் பந்திதான். என் கல்யாண மறுவீட்டிலும் சொந்தக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டுப் பெண்கள் கடைசியாக உட்கார்ந்தோம். அன்றைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, எனக்குச் சொதி பிடிக்காது என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் வைக்க அவங்க விட்டதில்லை. "நாள் பூரா அதிலயே கெடக்கேன், வீட்டுலயுமா" என்பாங்க.

அவங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 30

அவங்க போட்டோவுக்கு இன்று பூ வைக்கவில்லை.

ஜூலை 2

வைத்தேன். ஆனால் நேருக்கு நேர் நின்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். என்ன கேட்டேன் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை. திருமலை அம்பாசமுத்திரம் பக்கம் கோவில் கொடை விழாவுக்குச் சமைக்கப் போய்விட்டான். எனக்கு முப்பது தேங்காய் வந்து இறங்கியது. ஹாஸ்டலிலிருந்து மகள் போன் செய்தாள். "என்னம்மா, தேங்காய் வியாபாரமா?" என்றாள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றேன்.

ஜூலை 20

முதல் பாலைக் காலையிலேயே பிழிந்து மூடி வைத்து, மதியம் சூடான குழம்பில் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், பேச்சி, பேச்சியின் தங்கை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வாழையிலையில்தான் போட்டேன். தட்டில் போட்டால் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"நல்லா இருக்கு" என்றார்கள். "ரொம்ப நல்லா இருக்கு."

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் கிளம்பிய பிறகு இலைகளைப் பார்த்தேன். பால் புளித்திருக்கிறது. யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை.

பேச்சியைத் துரத்திப் பிடித்தேன். "ஏ, நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"பின்ன என்னத்தச் சொல்ல? நீங்களே அழுத மூஞ்சியா இருக்கீங்க."

"இனிமே அழுத மூஞ்சியா இருந்தாலும் சொல்லு."

"புளிச்சுப்போச்சுக்கா. வாந்தி வந்துட்டு." ஒரு மூச்சு விட்டாள். "சொல்லியாச்சு, ஆளை விடுங்க."

ஜூலை 24

பாலை ஐஸில் வைத்துப் பார்த்தேன். கட்டியாகி மேலே மிதந்தது. சூட்டில் ஊற்றியதும் உடைந்து எண்ணெயாகிவிட்டது. ஐஸ் வேண்டாம். பேச்சி, "சோப்பு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். இப்போது நன்றாகச் சொல்ல வருகிறது அவளுக்கு.

பச்சடியையும் இலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சொதி நன்றாக இல்லாதபோது பச்சடியை யார் தொடுவார்கள்?

ஜூலை 28

இன்றும் திரிந்தது. இந்த முறை எலுமிச்சையை அவசரப்பட்டு அடுப்பிலேயே பிழிந்துவிட்டேன். என் தப்பு. ஆவுடை அண்ணன் இதைச் செய்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 3

முதல் பாலுக்கான தேங்காயை முன்கூட்டியே உடைக்கவே கூடாது. அவ்வளவுதான் விஷயம். காய் வெந்த குழம்பு எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. பந்தி உட்காருகிற நேரத்தில் தேங்காயை உடைத்து, துருவி, பிழிந்து, ஊற்றி, இறக்கி, பிறகு எலுமிச்சை. காலையில் வைத்த குழம்பை மதியம் மூன்று மணிக்கு இப்படி முடித்தேன்.

பேச்சி ஒரு வாய் வைத்தாள். உடனே இன்னொரு வாய் வைத்தாள். "யக்கா, சோறு போடுங்க" என்றாள்.

அவள் சாப்பிட்ட பிறகு நானும் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தேன். இதற்கு இப்படி ஒரு ருசி இருக்கிறது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதி முதலில் சாப்பிடுகிற பாதி.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் இரண்டு கரண்டி விட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20

ஆவணிக்கு இருப்பது ஒரே பெரிய கல்யாணம். 24 முகூர்த்தம், 25 மறுவீடு. ஆவுடை அண்ணனை வீட்டுக்கு வரச்சொல்லி மதியம் மூன்று மணிச் சொதியைப் போட்டேன். சாப்பிட்டார். இலையைப் பார்த்தேன். சுத்தம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கூட ரெண்டு ஆள் வேணும். துருவ ஒரு ஆள், பிழிய ஒரு ஆள். அடுப்படியில இடம் இல்ல."

"பின்னால என் இடத்துல துருவட்டும். நெறைய இடம் இருக்கு."

"எலை கொட்டுத இடத்துலயா?"

"டிரம்மை அந்தப் பக்கம் நகத்துவோம். எனக்குன்னு ஒதுக்குன இடம்தானே அண்ணே. நான் எதுக்கு வேணா வச்சுக்கிடுவேன்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு துருவுகிற ஆளுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டார்.

ஆகஸ்ட் 24

முகூர்த்தச் சாப்பாடு குறையில்லாமல் முடிந்தது. நாளைதான்.

ஆகஸ்ட் 25

உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் இன்னும் தேங்காய் வாசம்.

பின்புறத்தைக் காலையிலேயே கழுவிவிட்டோம். தண்ணீர் ஊற்றியது பேச்சி, விளக்குமாறு என் கையில். மூன்று பாத்திரத்தில் குழம்பு, மூன்று பந்திக்கு. முதல் பாத்திரத்தை ஆவுடை அண்ணன் முடித்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டாவதும் அப்படியே. இரண்டாம் பந்தி பாதி ஓடும்போது திரும்பிப் பார்க்கிறேன், மூன்றாவது பாத்திரத்துக்கு நேராகப் பால் வாளியைத் தூக்கிவிட்டார். இரண்டாவதற்குப் பிழிந்ததில் மிஞ்சிய பால்.

"அண்ணே, இன்னும் பந்தி உக்காரல."

"கையோட முடிச்சிருவோம்மா. பால் இருக்குல்லா."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வாளியில் பால் இருந்தால் அந்தக் கை ஊற்றும். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். நான் போய்ப் பாத்திரத்தின் மேல் தாம்பாளத்தை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றேன். கை சுட்டது. எடுக்கவில்லை.

"அண்ணாச்சி இருந்தா..." என்றார்.

"இல்ல அண்ணே. இருந்தாலும் இன்னைக்கு ஊத்த விட மாட்டேன்."

வாளியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்களே முடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கல்யாண அடுப்படியில் முதல்முறையாகக் கரண்டி என் கைக்கு வந்தது அப்படித்தான். மூன்றாம் பந்திக்கு இலை விரிக்கும் சத்தம் கேட்டதும் தேங்காய் உடைக்கச் சொன்னேன். பிழிந்தார்கள். ஊற்றினேன், நுரை கட்டியதும் இறக்கச் சொன்னேன். எலுமிச்சைக்காகக் காத்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் நீளமாக இருந்தது. வாசல் நிலையில் சாய்ந்திருந்த ஆவுடை அண்ணன், யாரிடமோ சொல்கிற மாதிரி, "இப்ப பிழியலாம்" என்றார்.

பிழிந்தேன்.

அதற்குப் பிறகு நாற்காலிக்குப் போகவில்லை. சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி ஹாலுக்குள் போனேன்.

பந்தியில் உட்கார்ந்திருந்த பட்டுச்சேலைக்காரி ஒருத்தி, பெண்ணுக்கு அத்தை முறையாம், கையை நீட்டித் தடுத்தாள். "ஏம்மா, நீ எங்க உள்ள வார? நல்ல நாளும் அதுவுமா."

"நான் வச்ச சொதி உள்ள வரலாம், நான் வரக்கூடாதா?"

"மேனேஜர் எங்க? ஏங்க..."

காந்திமதிநாதன் அண்ணாச்சி கைகழுவும் இடத்திலிருந்து ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் வரிசையின் கடைசியில் இருந்து ஒரு குரல். பெண்ணின் அம்மா. இரண்டு நாளாக நின்றே பாதம் வீங்கிப்போயிருந்த அம்மா. "மொதல்ல சொதிய ஊத்தச் சொல்லுங்க மதினி. பசி உயிர் போகுது."

ஊற்றினேன். அத்தை தன் இலையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். போகட்டும். அங்கேயும் போய் ஊற்றினேன். மேளக்காரர்களுக்கு, டிரைவர்களுக்கு, போட்டோ எடுத்த பையன்களுக்கு. எல்லோரும் நின்ற களைப்பில் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பெண்ணின் அம்மா மட்டும் நிமிர்ந்து, "இது இத்தனை வருஷமா நான் சாப்பிட்ட சொதி இல்லையே" என்றாள்.

"ஆமா. அது திரிஞ்சது."

பந்தி நடுவில் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் இருமினார். அந்த அம்மா சிரித்தாள். பக்கத்தில் அத்தை விட்டுப்போன இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "உக்காருங்க. நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

வாளியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கைகழுவும் இடத்தில் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "ஐப்பசியில ரெண்டு தேதி இருக்கும்மா. உங்களுக்கே எழுதிக்கிடுதேன். ஆனா, நீங்க மட்டும் பின்னாலயே..."

"பின்னால நிப்பேன் அண்ணாச்சி. அது என் வேலை. எலை அங்கதான வருது. முன்னால வர வேண்டிய நேரத்துல முன்னாலயும் வருவேன். ரெண்டுக்கும் சேத்து எழுதுறதுன்னா எழுதுங்க."

பாக்கெட்டிலிருந்த பேனாவைத் தொட்டார், விட்டார், மறுபடி எடுத்தார். எழுதிக்கொண்டார். நான் வாளியைக் கொடுத்த பிறகு திருமலை வந்து மூன்றாம் பந்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டதாகப் பேச்சி சொன்னாள். குறை பார்க்க வந்திருப்பான். இலை எப்படி என்று கேட்டேன். "நக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு, "ஆனா யக்கா" என்று இன்னொரு இலையைப் பிரித்துக் காட்டினாள். எல்லாம் காலி. மூலையில் பச்சடி மட்டும் வைத்தபடியே இருந்தது. "இது யாருன்னு தெரியல. சொதிய வழிச்சுத் தின்னுருக்கு, பச்சடியத் தொடல."

அந்த இலையை எனக்குத் தெரியும். வரிசையின் கடைசியில், பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் விரித்த இலை.

"அது என் இலை பேச்சி."

"உங்க பச்சடிய நீங்களே வச்சிட்டீங்களா?"

"ரொம்ப இனிக்கி" என்றேன். "பேரீச்சம்பழத்தை நிறுத்தணும்."

"நான் எத்தனை நாளாச் சொல்லணும்னு இருந்தேன்" என்று இலையைச் சுருட்டி டிரம்மில் போட்டாள்.